பல் கிளிப் போட மாவு அச்சு போதுமா, கம்ப்யூட்டர் அச்சு வேணுமா?

ஏற்காடு:
ஏற்காட்டில் இருந்து பிள்ளைக்கு பல் கிளிப் போட சேலம் டவுனுக்கோ, அரியானூர் பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகணும்னா, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். கூடப் போகும் தாய்க்கு அன்றைய எஸ்டேட் கூலி போச்சு. அதனால் முதலில் எடுக்கும் பல் அச்சு சரியாக அமைவது முக்கியம்.

பழைய முறையில், தண்ணீரில் குழைத்த ஆல்ஜினேட் மாவை தட்டில் வைத்து வாயில் அமுக்குவார்கள். இறுகுவதற்குள் சிறுசுகளுக்கு குமட்டிவிடும். இந்த அச்சு காய்ந்தால் சுருங்கும். சீக்கிரமே பிளாஸ்டர் ஊற்றி மாதிரி செய்யணும். பிசகியது வீடு திரும்பிய பிறகு தெரிந்தால் இன்னொரு நாள் கூலியும் காலி!

புது முறையில், பேனா மாதிரி கேமராவை பல் மேல் நகர்த்தினால் கம்ப்யூட்டரில் பல்வரிசை வந்துவிடும். எக்ஸ்ரே கிடையாது, வெறும் வெளிச்சம்தான். விடுபட்ட இடம் திரையிலேயே தெரிவதால் அப்போதே மறுபடி எடுக்கலாம். பிளாஸ்டர் மாதிரி போல கீழே விழுந்து உடையாது.

அளவில் எது சரி? இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். சிகிச்சைக்கு அது பாதகம் இல்லை. ஆகவே மாவு அச்சு எடுத்துப் போட்ட கிளிப் மட்டம் என்பது வீண் பேச்சு. ஸ்கேனுக்கு தனிக்கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.