பாறுகள் போன பிறகு மனிதர்கள் செத்தார்கள்

செத்த மாட்டைத் தோலுரித்துக்கொண்டு, உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வட இந்தியாவில் நெடுங்கால வழக்கம். அதன் பிறகு நடக்க வேண்டியதைப் பாறுகள் பார்த்துக்கொண்டன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் அதே பறவைகள்தான். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும். அதையும் பொறுக்கிப் போய் உரத்துக்கு விற்க ஆட்கள் இருந்தார்கள். பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய கறியில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும்.

1990களின் நடுவில் இந்தப் பறவைகள் மரக்கிளைகளில் தலை தொங்கி உட்கார்ந்து, பிறகு விழுந்து செத்தன. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் இதை முதலில் பதிவு செய்தவர் பறவையியலாளர் விபு பிரகாஷ். வைரஸா, பூச்சிமருந்தா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, 2004-இல் 'நேச்சர்' இதழில் காரணத்தை வெளியிட்டது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளைப் பொடியாகப் படியும்.

பாறுகள் இவ்வளவு வேகமாக அழிய, நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பிணத்தைச் சுற்றிப் பல பறவைகள் கூட்டமாகத் தின்பதால் வந்த வினை இது. 1990களின் தொடக்கத்தில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

இதுவரை பறவைகளின் கதை. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இதை மனிதர்களின் கதையாகவும் படித்தார்கள். 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் 2024-இல் வந்த அவர்களுடைய ஆய்வு, இந்திய மாவட்டங்களை இரண்டாகப் பிரிக்கிறது: பாறுகள் வாழத் தகுந்தவை, பாறுகள் முன்பும் அதிகம் இல்லாதவை. 1994 வாக்கில் டைக்ளோஃபெனாக்கை மலிவு விலையில் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கின. மாட்டுக்குப் போடுவது பரவியது. அதற்கு முன்பு இரு வகை மாவட்டங்களிலும் மக்களின் இறப்பு விகிதம் ஒரே போக்கில்தான் இருந்தது. அதன் பிறகு, பாறுகள் இருந்து மறைந்த மாவட்டங்களில் மட்டும் அது 4 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் கூடுதலாகச் செத்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இந்த உயிரிழப்பைப் பண மதிப்பில் சொன்னால் ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் என்கிறது ஆய்வு.

ஒரு பறவை குறைந்ததற்கும் ஒரு மனிதர் செத்ததற்கும் நேர்கோடு போட முடியுமா என்று கேட்பது நியாயமே. அந்தக் கோட்டின் நடுவில் இருப்பவை நாய்களும் தண்ணீரும். தின்ன ஆளில்லாத பிணங்களைத் தெருநாய்கள் தின்று பெருகின. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விற்பனை கூடியது. மாட்டுப் பிணங்கள் அழுகி ஆற்றிலும் ஏரியிலும் கலந்தன. பாறுகள் மறைந்த மாவட்டங்களில் நீரில் மலக் கிருமிகள் கூடியதும் தரவில் தெரிகிறது. கால்நடை நிறைந்த நகர்ப்புறங்களில்தான் பாதிப்பு மிக அதிகம். நீரையும் நாய்களையும் பற்றி இரு ஆசிரியர்களும் காட்டும் சான்றுகள், இறப்பு விகிதக் கணக்கோடு பொருந்திவருவதே இந்த ஆய்வை நான் நம்பக் காரணம்.

அரசு சும்மா இருக்கவில்லை. கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006-இல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி குப்பிகள் மாட்டுக்குப் போயின. அதனால் 2015-இல் மனிதருக்கான ஊசிமருந்தையும் 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று விதி வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

அதற்குள் வேறு மருந்துகள் வந்துவிட்டன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று 2016-இலேயே தெரியும். கீட்டோப்ரொஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது அதற்கும் முன்பே தெரியும். இரண்டுக்கும் தடை வந்தது 2023-இல். நிமெசுலைடுக்கு 2024 டிசம்பரில். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒவ்வொரு மருந்தும் முதலில் கடைக்கு வருகிறது, பறவைகள் சாகின்றன, ஆய்வாளர்கள் பிணங்களைச் சேகரித்து நிரூபிக்கிறார்கள், அதன் பிறகு பல ஆண்டுகள் கழித்துத் தடை வருகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் இழப்பு உண்டு. திருக்கழுக்குன்றத்தில் நடுப்பகலில் வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்ற மஞ்சள்முகப் பாறுகள் 1990களோடு வருவதை நிறுத்திவிட்டன. நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஐந்தாண்டு ஆகும். ஆகவே ஒரே ஒரு நச்சு மாடு அந்தப் பள்ளத்தாக்கின் பல ஆண்டுப் பெருக்கத்தை அழித்துவிடும்.

மெலாக்சிகம் பாறுகளுக்குக் கேடு செய்யாது என்று 2006-இலேயே சோதித்துக் காட்டினார்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் கேடு செய்யாது என்று பின்னாளில் தெரிந்தது. மாட்டுக்குக் காய்ச்சலோ மடிநோயோ வந்தால் இவற்றைக் கேட்டு வாங்கலாம். கால்நடை மருத்துவர்களுக்கும் இது தெரியும். இனி வரும் எந்த மாட்டு வலிநிவாரணிக்கும், பாறுகளைக் கொல்லாது என்று சோதனையில் தெரிந்த பிறகே உரிமம் தர வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, 5 லட்சம் உயிர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகையே அல்ல.