நிற்கும் மகிழுந்தில் ஓடும் மின்சாரம்

மாலையில் நன்றாக ஓடிவந்து நின்ற மகிழுந்து, மறுநாள் காலையில் கிளம்ப மறுப்பது உண்டு. சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்னும் ஓசை மட்டும் எழும். முகப்பு விளக்குகள் மங்கலாக எரியும். இயந்திரம் சுழலாது. மின்கலத்தில் ஆற்றல் தீர்ந்துவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள். பக்கத்து வண்டியின் மின்கலத்தோடு கம்பிகளால் இணைத்து அன்றைய பொழுதைக் கடத்திவிடலாம். ஆனால், சில நாள்களில் அதே தொல்லை மீண்டும் வருமானால், புதிய மின்கலம் வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வண்டியை யாரும் தொடாதபோது அதிலிருந்த மின்சாரம் எங்கே போயிற்று?

மின்கலத்தின் பணி

மகிழுந்தில் உள்ள மின்கலம் ‘பேட்டரி’ என்று வழங்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய-அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு உருவாக்கினார். இன்றைய மகிழுந்துகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்த மின்கலங்களையே பயன்படுத்துகின்றன.

இதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் மின்னழுத்தம் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட் ஆகும். மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் வலுவிழக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது இந்த மாற்றம் பின்னோக்கி நிகழ்கிறது. ஆற்றல் தீர்ந்த நிலையில் மின்கலத்தை நெடுநாள் விட்டுவைத்தால், படிந்த சல்பேட் கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் பழைய திறன் முழுமையாகத் திரும்பாது. ஆகவே, மின்கலம் அடிக்கடி வடிந்துபோவது அன்றைய பயணத்தை மட்டும் கெடுப்பதில்லை. அதன் ஆயுளையும் குறைக்கிறது.

மின்கலத்தின் தலையாய வேலை இயந்திரத்தைக் கிளப்புவதாகும். அந்தச் சில நொடிகளில் தொடக்க மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதனோடு சுழலும் மின்னாக்கி வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. செலவழிந்ததை மின்கலத்திற்குத் திருப்பியும் ஊட்டுகிறது. ஓடும்போது வரவு, நிற்கும்போது செலவு என்பதே இதன் கணக்கு.

உறங்காத கருவிகள்

சாவியை எடுத்த பிறகும் மகிழுந்து முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரம் நேரத்தைக் காட்ட வேண்டும். பூட்டைத் தொலைவிலிருந்து திறக்கும் கருவி சாவியின் குறிப்புக்குக் காத்திருக்க வேண்டும். திருட்டைத் தடுக்கும் கருவி விழித்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மின்கலமே சிறிது சிறிதாக மின்சாரம் தருகிறது. நல்ல நிலையிலுள்ள மகிழுந்தில் இச்செலவு பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அந்த அளவை மீறி ஏதேனும் ஒரு கருவி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால், அதனை ‘ஒட்டுண்ணி மின்னோட்டம்’ என்பர். மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியைப் போன்றது அது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். சிறிய பெட்ரோல் மகிழுந்துகளில் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் பரவலாகப் பயன்படுகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் எடுத்தால் செலவாகும் அளவே ஓர் ஆம்பியர்-மணி. 50 மில்லி ஆம்பியர் என்பது 0.05 ஆம்பியர். ஒரு நாளுக்கு 24 மணி நேரம். எனவே, நாள்தோறும் 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். இவ்வாறு வண்டி இரண்டு வாரம் நின்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி, அதாவது மின்கலத்தின் பாதி தீர்ந்துவிடும். செலவு 500 மில்லி ஆம்பியராக இருந்தால் ஒரே நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். மூன்று நாளில் மின்கலம் வெறுமையாகும். சிறு துளி பெருவெள்ளமாவது போலவே, சிறு கசிவு பெருங்கலத்தையும் வற்றச் செய்யும்.

மூன்று ஐயங்கள்

மின்கலம் வடிந்துபோனால் மூன்று காரணங்களை ஐயுற வேண்டும். மின்கலமே கெட்டிருக்கலாம், மின்னாக்கி போதிய மின்சாரத்தை ஊட்டாதிருக்கலாம், வண்டியில் எங்கோ கசிவு இருக்கலாம். மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியப் பழுதுபார்ப்போர் ‘மல்டிமீட்டர்’ என்னும் கையடக்க அளவியைப் பயன்படுத்துகின்றனர்.

முதலில் மின்கலம். அதனை முழுமையாக மின்னேற்றம் செய்து, வண்டியின் இணைப்பிலிருந்து கழற்றி, சில மணி நேரம் ஓய்வாக வைத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதியளவும், 12.0 வோல்ட் என்றால் ஏறத்தாழக் கால் பங்கும் மீதம் இருப்பதாகக் கொள்ளலாம். மறுநாள் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். எதனோடும் இணைக்கப்படாத மின்கலம் ஓர் இரவில் பெரிதும் இறங்கிவிட்டால் குறை அதனுள்ளேயே உள்ளது. அளவு மாறாமல் நின்றால் மின்சாரத்தைத் தன்னுள்ளேயே இழக்கவில்லை என்று தெரியும். ஐயம் வண்டியின் பக்கம் திரும்பும்.

அடுத்து மின்னாக்கி. இயந்திரம் ஓடும்போது மின்கல முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். இயந்திரம் ஓடியும் அளவு 12.6 வோல்ட்டைத் தாண்டவில்லையென்றால் வரவு நின்றுவிட்டது என்பது பொருள். மின்கல முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் அரிப்பும் தளர்ந்த இணைப்பும் மின்னேற்றத்தைத் தடுக்கும். அவற்றையும் பார்த்துத் தூய்மை செய்ய வேண்டும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால் எஞ்சுவது கசிவு ஒன்றே.

கசிவை அளத்தல்

கசிவை அளக்க, மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை இணைப்பர். வண்டிக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் அளவியின் வழியாகவே சென்றாக வேண்டும். அளவியை அதன் 10 ஆம்பியர் நிலையில் வைத்துக்கொள்வது முறை. இந்நிலையில் இயந்திரத்தைக் கிளப்பக் கூடாது; கிளப்பினால் தொடக்க மோட்டார் இழுக்கும் பெரும் மின்னோட்டம் அளவியைப் பழுதாக்கிவிடும்.

இணைத்த உடனே தோன்றும் எண்ணை நம்புதல் கூடாது. இன்றைய மகிழுந்துகளில் பல சிறு கணினிகள் உள்ளன. மின்சாரம் கிடைத்ததும் அவை விழித்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொன்றாக உறக்கத்திற்குச் செல்லும். இதற்கு இருபது நிமிடம் ஆகலாம். சில வண்டிகளில் ஒரு மணி நேரமும் ஆகலாம். இடையில் கதவைத் திறந்தால் அவை மீண்டும் விழித்துவிடும். தொலைவிலிருந்து இயக்கும் சாவியையும் வண்டிக்கு அப்பால் வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பொறுக்காதவர்கள், நல்ல வண்டியிலும் குறை கண்டுவிடுவர்.

எண் அடங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியரைவிட மிகுதியாக நின்றால், உருகிப் பெட்டியில் தேடல் தொடங்குகிறது. ஒவ்வோர் உருகியும் வண்டியின் ஒரு பகுதிக்கு மின்சாரம் செல்லும் வாயில். உருகியை ஒவ்வொன்றாகக் கழற்றி, அளவியைப் பார்த்து, மாற்றமில்லையென்றால் மீண்டும் பொருத்த வேண்டும். எந்த உருகியைக் கழற்றியதும் எண் சட்டெனக் குறைகிறதோ, அந்த வாயிலின் வழியாகவே மின்சாரம் கசிகிறது. எல்லா உருகிகளையும் பார்த்தும் எண் குறையவில்லையென்றால் மின்னாக்கியின் கம்பியை ஐயுற வேண்டும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டையோடுகள் மின்னாக்கியில் உள்ளன. அவற்றுள் ஒன்று கெட்டால், மின்கலத்திற்கு ஊட்டவேண்டிய கருவியே வண்டி நிற்கும்போது அதனை உறிஞ்சத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

தில்லி அடுக்ககம் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தின் மகிழுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் மின்கலம் திங்கட்கிழமைகளில் மட்டும் வடிந்து கிடந்தது. குடும்பத்தார் புதிய மின்கலம் வாங்கினர். மூன்று வாரத்தில் அதுவும் வடிந்தது. மின்கலத்தை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று தந்தை சினந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளோ, “திங்கட்கிழமை மட்டும் ஏன் அப்பா? செவ்வாயும் புதனும் நன்றாகத்தானே கிளம்புகிறது?” என்று கேட்டாள்.

அக்கேள்வியே வழியைக் காட்டியது. வேலைநாள்களில் வண்டி நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடியது. இரவில் இழந்ததைப் பகலில் மீட்டுக்கொண்டது. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை ஏறத்தாழ 60 மணி நேரம் அது அசையாமல் நின்றது. பழுதுபார்ப்பவர் அளந்தபோது கசிவு 440 மில்லி ஆம்பியராக இருந்தது. 60 மணி நேரத்தில் 26 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 35 கொள்ளளவில் மீதம் 9கூட இல்லை.

உள்விளக்குகளுக்கான உருகியைக் கழற்றியதும் எண் 25 ஆகக் குறைந்தது. உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. ஆயினும், மூடிய பொருள் பெட்டிக்குள் ஒரு விளக்கு உண்டு. அதனை வெளியிலிருந்து காண இயலாது. காணொளி பதிவாகும்படி ஒரு கைப்பேசியை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினர். பிறகு எடுத்துப் பார்த்தபோது, மூடிய இருளில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது தெரிந்தது. மூடியதும் விளக்கை அணைக்கவேண்டிய சிறு பொத்தான் பழுதாகியிருந்தது. 5 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 420 மில்லி ஆம்பியர் எடுக்கும், கணக்கும் பொருந்தியது. பழைய மின்கலம் குற்றமற்றது, விற்றவரும் குற்றமற்றவர். சில ஆயிரம் ரூபாய் வீணானது, காரணத்தைத் தேடுமுன் பொருளை மாற்றியதால்தான்.

குறையின்றியும் வடிதல்

எல்லா வடிதலும் பழுதன்று. கோடை விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் பல, வண்டியை 40 நாள் அளவுக்கு நிறுத்திவிட்டுச் செல்கின்றன. 30 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கும் நல்ல வண்டியும் 40 நாளில் ஏறத்தாழ 29 ஆம்பியர்-மணியைச் செலவழித்துவிடும். திரும்பி வரும்போது அது கிளம்பாவிட்டால், அதில் குறை காண இடமில்லை. புறப்படுமுன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்தல் எளிய வழி. கடிகாரத்தை மட்டும் மீண்டும் சரிசெய்துகொள்ள நேரலாம். நம்பத்தக்க அண்டை வீட்டார் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டி வைப்பதும் நன்று. தனியாகப் பொருத்திய பயணப் பதிவுக் கருவி, கைப்பேசி மின்னேற்றி முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

மின்கலப் பணியில் ஒழுங்கும் பாதுகாப்பும் இன்றியமையாதவை. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். இல்லையேல், கையிலுள்ள திருகி வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி எழும். மின்னேற்றத்தின்போது தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படுவதால், அருகில் நெருப்பு கூடாது. அமிலம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மாணவர்கள் இப்பணியைப் பெரியவர்கள் செய்யும்போது உடனிருந்து காணலாம். எண்களைக் குறித்துக் கணக்கிடலாம். தாமே செய்ய முற்படலாகாது.

சொற்பொருள்

மகிழுந்து – கார்
மின்னாக்கி – இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி
உருகி – மிகை மின்னோட்டத்தில் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் சிறு கம்பி, ஃபியூஸ்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து அதன் சத்தை உறிஞ்சி வாழ்வது
அடுக்ககம் – பல வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம்
இன்றியமையாதவை – இல்லாமல் முடியாதவை

பயிற்சி

1. மின்கலம் வடிவதற்கு ஐயுறவேண்டிய மூன்று காரணங்கள் யாவை?
2. அளவியில் உடனே தோன்றும் எண்ணை ஏன் நம்பக் கூடாது?
3. மகள் கேட்ட கேள்வி குறையைக் கண்டறிய எவ்வாறு உதவியது? ஐந்து வரிகளில் எழுதுக.
4. கணக்கிடுக: ஒரு மகிழுந்தில் 200 மில்லி ஆம்பியர் கசிகிறது. 35 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதி தீர எத்தனை நாள் ஆகும்?
5. பிரித்து எழுதுக: ஒவ்வொன்று, இருளில், சிறுதுளி.
6. சொற்றொடரில் அமைத்து எழுதுக: வரவு, செலவு, ஐயம், வாயில்.