புதுக் கத்தியின் தரம்

கடையில் கத்தி வாங்கும்போது நாம் முதலில் செய்வது என்ன? அலகைக் கட்டைவிரலால் தடவி, "நல்ல கூர்!" என்று மகிழ்வதுதான். முதல் நாளில் எந்தக் கத்திதான் வெட்டாது! அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதன்றோ கேள்வி? அதை முடிவு செய்வது எஃகு.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கான உலோகத்தைத் தேடியபோது, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு கிடைத்தது. ஆயினும் முதலில் வந்த கத்திகளில் கூர் நிற்கவில்லை; "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவரைக் கேலி செய்தார்களாம். பளபளப்பு வேறு, தரம் வேறு. போதிய கரிமம் இருந்து, பதமாகச் சூடேற்றிக் குளிர்வித்த எஃகே கூரைத் தாங்கும். குரோமியம் குறைந்த கரிம எஃகுக் கத்தி எளிதில் தீட்டக்கூடியது. ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் துருவேறும்.

பிடியையும் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு மனையியல் வகுப்பில் நாங்கள் பூசணிக்காய் வெட்டுகையில், அழகிய பிடி கையிலும் அலகு காயிலுமாக நின்றன! அலகின் எஃகு பிடியின் கடைசிவரை சென்று, ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் இந்த ஆபத்துக் குறைவு.

கூர்விளிம்பை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் மழுங்கிய இடங்கள் மட்டும் மின்னும். பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமல் அறுத்துப் பாருங்கள். அழுத்த வேண்டிய கத்திதான் வழுக்கி விரலை வெட்டுகிறது. ஒரு மாதம் புழங்கியபின் இன்னொரு தக்காளியை எடுங்கள். உண்மையான தேர்வு அன்றுதான்.