கறுப்பை விற்றேன், சாம்பலும் நிற்கவில்லை

நாட்டுக்கோழியில் இப்போது நிறத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. முழுச் சாம்பல் சேவல் என்றால் சந்தையில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த ஆசையில் நானும் ஒன்றை வாங்கிவந்து எங்கள் கறுப்புச் சிறுவிடைக் கோழிகளோடு விட்டேன். பொரித்ததில் ஏறக்குறைய பாதி சாம்பல், பாதி கறுப்பு. சேவல் கலப்படம் என்று விற்றவரிடம் சண்டைக்கே போனேன். கறுப்பு வெடைகளையும் தாய்க்கோழிகளையும் கறிக்கு விற்றுவிட்டுச் சாம்பலை மட்டும் நிறுத்தினேன்.

அடுத்த ஈட்டில் சாம்பலோடு சாம்பல் சேர்த்தும் சுமார் கால்வாசி கறுப்புதான். இன்னொரு கால்வாசி, அழுக்கு வெள்ளையில் சாம்பலைத் தெளித்த மாதிரி. அவற்றையும் கழித்தேன்.

விசயம் இதுதாங்க. சாம்பல் என்பது தனி நிறம் இல்லை. கறுப்பை வெளிறச் செய்யும் ஒரு மரபணுவின் வேலை. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் குஞ்சு சாம்பல். இரண்டு பக்கமும் வந்தால் வெளிறிய புள்ளி. வராவிட்டால் கறுப்பு. அதனால் சாம்பலோடு சாம்பலை எத்தனை தலைமுறை சேர்த்தாலும் கறுப்பும் புள்ளியும் வந்துகொண்டேதான் இருக்கும். எல்லாக் குஞ்சும் சாம்பலாக வேண்டுமென்றால் புள்ளிச் சேவலைக் கறுப்புக் கோழியோடு விட வேண்டும். நான் கழித்துக்கட்டியதே அந்த இரண்டையும்தான்! செவலைக் கோழியில் இது சேர்ந்தால் கறுப்பு இருக்கும் இடம் மட்டும் சாம்பலாகும், சிவப்பு அப்படியே நிற்கும்.

நிறம் போனால் போகட்டும். சாம்பல் வெடைகளில் பாதி, அடைக்கு உட்கார்ந்து 21 நாள் முடியும் முன்பே எழுந்து போயின. "ஏன்டா, ஒழுங்கா அடை இருந்த கோழியைப் பூராம் வித்துட்டயே, இனி எது குஞ்சை இழுத்துக்கிட்டுத் திரியும்?" என்றார் அம்மா. நிறத்தை மட்டும் பார்த்துப் பொறுக்கியதில் தாய்மைக் குணத்தை நான் பார்க்கவே இல்லை.

இப்போது கையில் பிடித்துப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறேன். இறக்கையை விரித்தால் இறகுகள் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தண்டு முறுகியிருக்கக் கூடாது. இறகின் குறுக்கே மெல்லிய கோடு தெரிந்தால், அது முளைத்தபோது தீனி குறைந்திருக்கலாம், இல்லை நோய் வந்திருக்கலாம். அது வம்சக் குறை இல்லை, நம் குறை. இறகு பெரும்பாலும் புரதம்தான். தானியம் மட்டும் போட்டால் போதாது, கரையானும் புழுவும் கிடைக்க வேண்டும். முதுகு மொட்டையானதும் கோழியைக் கழித்துவிடாதீர்கள், சேவல் அதிகமாகி மிதித்த மிதியாகவும் இருக்கும். 8, 10 கோழிக்கு ஒரு சேவல் போதும். குஞ்சிலேயே நிறம் பார்த்துக் கழிப்பதும் வேண்டாம். பெரிய இறகு முழுசாக வர 5, 6 மாதம் ஆகும். இறகு உதிர்க்கும் சமயத்திலும் தேர்வு செய்யாதீர்கள்.

நல்ல வேளை, முன்பே அக்கா வாங்கிப்போன கறுப்பு வெடை இரண்டு அவர் வீட்டில் மிச்சம் இருந்தன. கேட்டு வாங்கிவந்தேன். ஒன்று இப்போது 11 முட்டைமேல் அடையில் இருக்கிறது. கிட்டே போனால் கொத்த வருகிறது.