காலை ஐந்து மணிக்குக் காணாமல் போகும் ‘பொது’

தியாகதுருகத்தில் ஒரு தானிய மண்டியின் மேல்மாடி அறைக்குள் என்னை விட்டார்கள்! கீழே மக்காச்சோள மூட்டை, சாக்குத் தூசி, எடை மேடை. மேலே ஒரு மேசை, மின்விசிறி, பழைய கணினியில் லினக்ஸ். ஜன்னலைத் திறந்தால் நேரெதிரே மலைக்கோட்டை. 1790இல் திப்பு வந்து முட்டியும் விழாத கோட்டை அது. ஆனால் அன்று இரவு நான் கோட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஓடியதுதான் எனக்கு வேடிக்கை.

மண்டியில் கணக்கெழுதும் தம்பி தானாகவே பைத்தான் கற்றுக்கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறான். பெயர் ‘சிட்டை’. முந்தின நாள் எடைக் கணக்கை எடுக்கும், ஈரப்பதத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும், ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு சீட்டு அடிக்கும். தொகையை எழுத்தாலும் போடும். 47,350 என்றால் ‘நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது’. மூன்று நூறு முந்நூறாவதும், ஒன்பது நூறு தொள்ளாயிரமாவதும் கணினிக்குத் தானாகத் தெரியாது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கும் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டான். தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று நடத்தும் திட்டம் அது. அதற்கு மேல் மண்டிக்கே உரிய வழக்கங்களைச் சேர்த்து இவன் எழுதிய சொந்த மாட்யூலுக்குப் பெயர் ‘பொது’. ஆமாம், தமிழில்தான். பைத்தான் 3 தமிழ்ப் பெயரைத் தாராளமாக ஏற்கும்.

“கையால ஓட்டுனா ஓடுதுண்ணே. கிரான்ல போட்டா படுத்துக்குது.”

கிரான் என்பது லினக்ஸின் அலாரம். இன்ன நேரத்துக்கு இன்ன வேலை என்று எழுதி வைத்தால் ஆள் இல்லாமலே செய்யும். பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானின் வாரிசுகள்தான் இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஓடுகின்றன. தம்பியின் கிரான் காலை ஐந்துக்கு எழுந்து, ‘பொது என்று ஒரு மாட்யூல் இல்லை’ என்று ஒரே வரி எழுதிவிட்டுப் படுத்துவிடும். கோப்போ கண்ணெதிரே இருக்கிறது!

இங்கேதான் எனக்குக் குஷி பிடித்தது. இந்தப் பிழைச்செய்தியை அப்படியே நம்பக் கூடாது. ‘இல்லை’ என்று அது சொல்வதற்கு ‘நான் தேடிய இடங்களில் இல்லை’ என்றுதான் பொருள். எங்கெங்கே தேடியது என்று கேட்டால் சொல்லிவிடும். பைத்தான் தேடும் இடங்களின் பட்டியலுக்கு சிஸ்.பாத் என்று பெயர். முதல் இடம் ஸ்கிரிப்ட் குடியிருக்கும் ஃபோல்டர். அடுத்து பைத்தான்பாத் என்ற மாறியில் நாம் எழுதி வைத்தவை. அதன் பிறகு பைத்தானின் சொந்தச் சரக்கும், பிப் என்ற கருவி நிறுவிய சரக்கும்.

ஸ்கிரிப்டின் தலையில் அந்தப் பட்டியலை அச்சடிக்க ஒரு வரி சேர்த்தோம். கிரானில் ஐந்து நட்சத்திரம் போட்டோம், நிமிடத்துக்கொரு முறை ஓடட்டும் என்று. பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அந்த அறுபது விநாடி கூத்து ஆரம்பிக்கும் முன் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது, பொய் இல்லை. வந்தது! இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கையால் ஓட்டியதில் இரண்டாவது வரியாக ‘நூலகம்’ ஃபோல்டர் இருக்கிறது. கிரானுடையதில் அந்த வரியே இல்லை.

சிட்டை இருப்பது ‘வேலை’ ஃபோல்டரில், பொது இருப்பது ‘நூலகம்’ ஃபோல்டரில். இரண்டையும் இணைக்கும் பைத்தான்பாத் வரியைத் தம்பி என்றைக்கோ பேஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டு மறந்தே போயிருக்கிறான். அவன் டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு படிக்கப்படும். கிரான் அதைத் தொடவே தொடாது. அதற்குத் தெரிந்த பாதைகள் இரண்டோ மூன்றோதான், அதிகாலையில் வேலைக்கு வந்து இறங்கும் வெளியூர்க்காரன் மாதிரி. வீட்டில் உப்பு எங்கே, புளி எங்கே என்று அதற்கு யார் சொன்னார்கள்? கிரான் அட்டவணையின் மேலேயே பைத்தான்பாத்தை முழு முகவரியோடு எழுதினோம். அடுத்த நிமிடமே சிட்டை அடித்தது. தம்பி கீழே ஓடி இரண்டு டீ வாங்கி வந்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்று வேலையை வாடகை சர்வர் ஒன்றுக்கு மாற்றினான். அதற்கு ஆன்சிபிள் என்ற கருவி. மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்டது, ஓரிடத்தில் உட்கார்ந்து நூறு கணினிக்கு உத்தரவு போடலாம். அதில் ‘ஸ்கிரிப்ட்’ என்றே ஒரு வசதி உண்டு. நம் கணினியில் இருக்கும் ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோய் ஓட்டிவிட்டு வரும். பெயரைப் பார்த்து மயங்கிவிட்டான். அது தூக்கிப் போவது அந்த ஒரே கோப்பை மட்டும்! கூத்துக்குக் கட்டியங்காரனை மட்டும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கிரீடமும் சலங்கையும் இருக்கும் பெட்டியை ஊரிலேயே விட்டால் எப்படி இருக்கும்? பழையபடி ‘பொது இல்லை’.

வழிகள் பல. ஃபோல்டர் முழுவதையும் முதலில் நகலெடுத்து, பிறகு அங்கேயே நின்று ஓட்டச் சொல்லலாம். பொதுவை ஒரு முறையான பொதியாக்கி பிப் மூலம் நிறுவலாம். நீண்ட நாள் குடித்தனத்துக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஸிப்ஆப். ஸ்கிரிப்டையும் சொந்த மாட்யூல்களையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால் பைத்தான் அந்தக் கட்டைப் பிரிக்காமலே ஓட்டும். 2015இல் வந்த பைத்தான் 3.5 முதல் கூடவே வருகிறது. கட்டுச்சோறுதான், வேறென்ன! தம்பி முதல் வழியைப் பிடித்தான்.

நகலெடுத்தான். ஓட்டினான். பொது இல்லை.

இந்த முறை பட்டியலில் நூலகம் இருக்கிறது. நூலகத்துக்குள் பொதுவும் இருக்கிறது. இருவரும் மாறி மாறிப் படித்தோம்: ப, கொம்பு, கால், த, உகரம். வேறு எழுத்தே இல்லை. இரவு பதினொன்றுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. கோப்பின் பெயருக்கு நீளம் எவ்வளவு என்று பைத்தானையே கேட்டோம். ஐந்து என்றது. ஸ்கிரிப்டில் இருக்கும் ‘பொது’வுக்கு? நான்கு!

ஒருங்குறியில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதினால் ஒன்று, தனித்தனியாக எழுதினால் இரண்டு. திரையில் இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. (ஓப்பன்-தமிழைக் கேட்டால் எப்படி எழுதினாலும் இரண்டே எழுத்து என்று நம் பாட்டி மாதிரி சரியாகச் சொல்லும்.) ஸ்கிரிப்டில் வரும் பெயரைப் பைத்தான் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் தேடும். லினக்ஸோ கோப்பின் பெயரை எழுதியபடியே வைத்திருக்கும். தனித்தனிக் குறியோடு கோப்பு இருந்தால் இருவரும் எதிரெதிரே நின்றும் சந்திக்க மாட்டார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு டேஸ்16ஐயும் தரமாக அறிவித்ததே, அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண். அந்த இரவில் அது எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகவே இருந்தது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? இடையில் ஒரு நண்பரின் பழைய மேக் கணினிக்குப் போய், ஸிப்பாகத் திரும்பியிருக்கிறது நூலகம். பழைய மேக்கின் கோப்பு முறைக்கு இப்படிப்பட்ட குறிகளைப் பிரித்து வைக்கும் பழக்கம் உண்டு.

ஆக, ‘பொது’வை ‘பொது’ என்று பெயர் மாற்றினோம். டெர்மினலில் அந்த வரியைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்.

காலை ஐந்து. நான் அங்கேயே மூட்டையில் சாய்ந்திருந்தேன். தம்பியின் போன் அதிர்ந்தது. சிட்டை போய்ச் சேர்ந்த முதல் விவசாயி குரல் பதிவு அனுப்பியிருந்தார்: “தம்பி, எழுத்தால போட்டது நல்லா இருக்குப்பா. ஈரத்துக்கு ஏன் ரெண்டு கிலோ புடிச்சீங்க?”