மீட்டரை விற்றால் மட்டும் போதுமா?

நாவலப்பிட்டியில் பாமசி நடத்தும் சகோதரர்களுக்கு, சீனி அளக்கும் மீட்டர் கேட்டு வருவோர் புதியவர்களல்லர். ஆனால் மீட்டர் அக்கருவியின் பாதிதான். இரத்தத்தை உணர்வது ஸ்ட்ரிப். அதிலுள்ள நொதி இரத்தச் சீனியுடன் சேரும்போது எழும் சிறு மின்னோட்டத்தையே மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

உடலை அளக்கும் கருவிகள் பல இவ்வாறு பாகம் பாகமாகவே வடிவமைக்கப்படுகின்றன. தீரும் பாகத்தை மாற்றலாம், மற்றது நீடிக்கும். 2014இல் அபொட் நிறுவனம் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய லிப்ரேயில், கையில் ஒட்டும் சென்சர் 14 நாட்களுக்கு மட்டுமே. வாசிக்கும் கருவி தனி.

வசதியும் இதுவே, வில்லங்கமும் இதுவே. ஒரு கம்பனியின் ஸ்ட்ரிப் மற்றதன் மீட்டருக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஸ்ட்ரிப் வருவது நின்றால் வாடிக்கையாளர் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

எனவே கொள்முதலுக்கு முன் மூன்றைப் பாருங்கள். ஸ்ட்ரிப் தொடர்ந்து கிடைக்குமா? காலாவதித் திகதி எப்போது? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு உண்டா?

எமதூர் மழை ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். டப்பாவை உடனே மூடும்படி சொல்லி விற்பது அமானிதம். தவறான எண்ணை நம்பி ஒருவர் மருந்தைக் கூட்டினால், நட்டம் காசோடு நிற்காது.