தூங்க மறுத்த வண்டியோடு ஒரு ராத்திரி

"சார், அந்தக் கதவைத் தொட்றாதீங்க! இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கு."

தொட்டில் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது, இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்ட ஒரு பழைய சொகுசு எஸ்யூவியைப் பற்றி. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். எத்தனை நாள் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி இது! பட்டாபிராமில், சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், தகரக் கூரை போட்ட ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஷெட். ஒரு வண்டியின் பேட்டரி ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போகிறது என்பதை முதலிலிருந்து கடைசி வரை கூடவே இருந்து பார்க்கப் போகிறேன். தூரத்தில் அரக்கோணம் லோக்கலின் ஹாரன். அதற்கும் அப்பால், 2024 நவம்பரில் திறந்த டைடல் பார்க்கின் விளக்குகள்.

வண்டிக்காரரின் குறை நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். "நைட்டு நிறுத்தினா காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குது அண்ணே. டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது." ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். டைனமோ நல்லா இருக்கு என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணன் அன்று பகலிலேயே சார்ஜர் போட்டு பேட்டரியை 12.7 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்திருந்தார்.

முதல் ஆச்சரியம் போனட்டிலேயே காத்திருந்தது. திறந்தால் உள்ளே பேட்டரியே இல்லை! ஜம்ப் கொடுக்க இரண்டு முனைகள் மட்டும். பேட்டரி இருப்பது சீட்டுக்கு அடியில். ஃப்யூஸ் பெட்டிகளோ மூன்று இடத்தில்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குக் கை தட்டத் தோன்றியது. டிரைவர் கதவு அகலத் திறந்து கிடக்கும்போதே, அதன் ஓரத்தில் இருக்கும் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் 'டக்' என்று மடக்கினார். போனட் பூட்டுக்கும் அதே வைத்தியம். இனி எல்லாக் கதவும் மூடியாகிவிட்டது என்று வண்டி நம்பிவிடும். நாமோ உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாவியை வண்டிக்காரரிடமே கொடுத்து டீக்கடைக்கு அனுப்பிவிட்டார். சாவி பக்கத்தில் இருந்தால் அதன் சிக்னலுக்கே சில வண்டிகள் விழித்துக்கொள்ளுமாம்.

பேட்டரியின் எர்த் கேபிளைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீட்டர். மில்லி ஆம்பியரைக் காட்டக்கூடிய டி.சி. கிளாம்ப் அது, மாட்டுவதற்கு முன் பூஜ்யத்தில் நிறுத்திக்கொண்டார். கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்தால் ஆகாதா என்று கேட்டேன். "கழட்டிட்டா எல்லாக் கம்ப்யூட்டரும் புதுசா ஆரம்பிச்சிடும் சார். திருடன் ஓடிப் போயிடுவான்."

9:10. மீட்டர் 8.4 ஆம்பியர் காட்டியது. அப்புறம் 5.1. சற்று நேரத்தில் 1.9. ஒவ்வொரு இறக்கமும் வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் கண்ணை மூடியதற்கு அடையாளம். 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற இணைப்பு வந்த பிறகு, வண்டியின் மின்பெட்டிகள் பல ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்கின்றன. சொகுசு வண்டியில் அப்படிப் பல டஜன். பேச்சு அடங்கினால்தான் எல்லாம் தூங்கும். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் மொத்த வீடும் எழுந்துகொள்ளும். 9:38க்கு 0.03! நான் ஓசைப்படாமல் குதித்தேன்.

0.05 ஆம்பியர் வரை கவலை இல்லை என்பது பொதுக் கணக்கு. அலாரமும் ரிமோட் ரிசீவரும் அரைக்கண் விழித்திருக்க அது வேண்டும். இந்த வண்டியின் பேட்டரி 95 ஆம்பியர் அவர். ஒரு ராத்திரி முழுக்க 11 மணி நேரம் நின்றாலும் அரை ஆம்பியர் அவர்தான் போகும். ஒரு மாதம் நிறுத்தினால்கூடச் செல்ஃப் எடுக்க வேண்டும்.

அப்படியானால் கோளாறு எங்கே?

9:52. யாரும் அசையவில்லை. மீட்டர் சட்டென்று 6.2க்குத் தாவியது. எனக்குக் கை சிலிர்த்துவிட்டது! பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மெல்ல மெல்ல இறங்கி மறுபடி தூக்கம். 10:17க்கு மறுபடி ஒரு தாவல். 10:44க்கு இன்னொன்று. ஒரு அட்டையில் நேரத்தையும் ஆம்பியரையும் எழுதிக்கொண்டே வந்தவர், கணக்குப் போட்டுச் சொன்னார்: சராசரியாக இரண்டு ஆம்பியர். ஒரு ராத்திரிக்கு 22 ஆம்பியர் அவர். ஆவடி வரை போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் அது திரும்ப ஏறாது. இரண்டு மூன்று ராத்திரியில் கதை முடிந்துவிடும். பாவம், அந்த இரண்டு பேட்டரிகளும்!

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் நான் கேள்விப்பட்டிருந்த முறை. அவர் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. பிடுங்கித் திரும்பச் சொருகினால் அதுவே வண்டியை எழுப்பிவிடும். ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். கரண்ட் ஓடினால் மில்லிவோல்ட்டில் ஒரு துளி தெரியும், ஓடாவிட்டால் பூஜ்யம். என் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தூங்கும்போது எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி. தாவும்போது ஏழெட்டு ஃப்யூஸ் ஒன்றாக உயிர் பெற்றன. "ஒருத்தன் தட்டி எழுப்புறான், மத்தவன்லாம் எழுந்துக்குறான்" என்றார்.

ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தொடங்கி, பாடியில் கால் ஊன்றிய பகுதி இது. சென்னையின் இந்த மேற்குப் பக்கத்தில் வண்டியின் கரண்டைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று நான் மனதார நம்புகிறேன். டீ குடித்தபடி அவர் சொன்ன பழைய கேஸ்கள்: ஒட்டிக்கொண்ட ரிலே, ஏசி புளோயரின் ரெகுலேட்டர், டைனமோவுக்குள் போன டயோடு, பிறகு மாட்டிய டேஷ் கேமரா, சன்ரூஃப் வடிகுழாய் அடைத்து ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் ஊறிய மின்பெட்டி. இந்த வண்டியில் கேமராவை முதலிலேயே கழற்றிப் பார்த்தாகிவிட்டது. அது இல்லை.

11:15க்கு அவர் செய்ததுதான் அந்த ராத்திரியின் உச்சம். போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினார். வண்டி மறுபடி தூங்கக் காத்திருந்தோம். 12:05க்கு மீட்டர் தாவியது. போனை எடுத்து ஓட்டிப் பார்த்தோம்: இருட்டு, இருட்டு, வெறும் இருட்டு... பிறகு, மூடிய டிக்கிக்குள் விளக்கு தானாக எரிந்தது! இரண்டு பேரும் சேர்ந்து கத்திவிட்டோம்.

உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றினார். டிக்கிப் பூட்டுக்குள், கட்டை விரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு மைக்ரோ ஸ்விட்ச். மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு முனையில் பச்சை பூத்திருந்தது. மீட்டரை வைத்து விரலால் லேசாகத் தட்டினார். பீப், நின்றது, பீப். கதவு மூடித்தான் இருக்கும். ஸ்விட்ச் மட்டும் நினைத்த நேரத்தில் 'திறந்துவிட்டது' என்று சொல்லும். உடனே மொத்த வண்டியும் எழுந்து உட்காரும்.

பிளக்கைக் கழற்றி, டிக்கி மூடியே இருப்பதாகக் காட்டும்படி ஒரு துண்டு வயரால் ஏமாற்றி வைத்தார். 1:40 முதல் விடியும் வரை 0.03. அசையவே இல்லை. ஆறு மணிக்கு வண்டிக்காரர் பட்டனை அழுத்தினார். ஒரே செல்ஃபில் எடுத்தது. அந்த வார சனிக்கிழமையே புதுப்பேட்டையிலிருந்து அதே மாடலின் பூட்டு வந்து மாட்டியாகிவிட்டது.

உங்கள் வண்டியும் காலையில் 'டிக் டிக்' என்கிறதா? அடுத்த பேட்டரிக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒரே ஒரு ராத்திரி லீக்கேஜ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு உங்கள் போன் டிக்கிக்குள் இருக்கட்டும்.